பாப்பாவுக்கு நாலு பாக்கெட்

சரக்... சரக்... சரக்...

குளியலறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்த டில்லிபாபு, ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நின்று காது கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மஞ்சுளா அடிப்பிடித்த குக்கரைப் போட்டுத் தேய்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் குக்கர் அழுமா?

“எரியுதும்மா... போதும்மா, ப்ளீஸ்மா...”

“எரிஞ்சா எரியட்டும்! இன்னிக்கு இந்த அழுக்கு போற வரிக்கும் உன்ன வுட மாட்டேன். ஆடாம நில்லு!”

டில்லிபாபு ஓடிப் போய்க் கதவைத் தட்டினான்.

“ஏய் மஞ்சு! இன்னாடி பண்ற கொயந்தைய?”

“நீ சும்மா கெட! ‘பிள்ளையைச் சுத்தமாகக் குளிப்பாட்டி அனுப்பவும்’னு ஸ்கூல் டைரில எழுதி அனுப்பிக்கீறாங்க. யாருக்கு எழுதுனாங்க? உனக்கா எழுதுனாங்க? எனக்குத்தான் எழுதுனாங்க!”

உள்ளே மஞ்சுளாவின் குரலும் உடைந்துதான் இருந்தது. தேய்க்கிறவளும் அழுகிறாள், தேய்க்கப்படுகிறவளும் அழுகிறாள். வெளியே நின்ற தகப்பன் யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் கதவில் கையை வைத்தபடி நின்றான்.

ஒரே மகள். பெயர் நிலா. பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பெயருக்கேற்ற வட்ட முகம், கொழுகொழுவென்ற உடம்பு. ஆனால் ஒரு வருஷமாக அவள் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை விழுந்திருந்தது. வெறும் கறுப்பு அல்ல; தொட்டால் வெல்வெட் துணி மாதிரி தடிப்பாக இருக்கும். போர் தண்ணீர்தான் காரணம் என்றாள் மஞ்சுளா. திருவிழாக் கடையில் வாங்கிய கவரிங் செயின் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஒரகடம் ரோட்டில் ராத்திரி பகலாக ஓடும் கன்டெய்னர் லாரிகளின் புழுதி என்று டில்லிபாபு தன் பங்குக்குச் சொல்லி வைத்தான். செயினைக் கழற்றினார்கள். கடலை மாவு பூசினார்கள். எலுமிச்சம்பழத் தோல், தயிர், கஸ்தூரி மஞ்சள் எல்லாம் ஆயிற்று. கறுப்பு இம்மியும் நகரவில்லை. வகுப்பில் யாரும் அவளுக்குப் பின்னால் உள்ள பெஞ்சில் உட்காருவதில்லை என்று நிலா ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் மஞ்சுளாவால் தாங்க முடியவில்லை.

வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது.

“அண்ணே, இருக்கீயளா?”

கையில் மீன் கூடையோடு சந்திரலேகா நின்றிருந்தாள். டில்லிபாபு வேலை செய்யும் கம்பெனியின் மெடிக்கல் ரூம் நர்ஸ் அவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பக்கத்துத் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். கூடையை வெளியே வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை உருவினாள்.

“மூணு தடவ ஆள் விட்டும் வந்து வாங்கல. பயந்துக்கிட்டு ஒளிஞ்சா ரிப்போர்ட்டு மாறிருமாண்ணே? மீன் வாங்க வந்தேன், அப்படியே கொண்டாந்துட்டேன்.”

வருஷா வருஷம் எடுக்கும் மெடிக்கல் செக்கப். டில்லிபாபு அசடு வழிந்தபடி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவனுக்கு ரிப்போர்ட் என்றாலே பயம். இருபத்து நாலு வயதில் சேரப்பணஞ்சேரியிலிருந்து சைக்கிள் மிதித்துப் போய் அந்தக் கம்பெனியில் லோடுமேனாகச் சேர்ந்தபோது அவன் இடுப்பு இருபத்தெட்டு. நாள் முழுக்கப் பெட்டி சுமந்தான். பிறகு சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கினான். வாங்கிய நாள் முதல் உட்கார்ந்தே வேலை. எட்டு வருஷத்தில் தொப்பை வண்டி ஸ்டியரிங்கைத் தொட்டது. கல்யாண வீடுகளில் அதைத் தட்டிப் பார்த்து, “இன்னா பாபு, ஆபீசராயிட்ட!” என்று மெச்சினார்கள். அவனும் மகிழ்ந்துதான் போனான். முப்பத்தைந்தில் சுகர் வந்தது. மாத்திரை, அப்புறம் இரண்டு மாத்திரை. போன வருஷத்திலிருந்து காலையும் மாலையும் வயிற்றில் இன்சுலின் ஊசி.

சந்திரலேகா தாளைப் பிரித்தாள்.

“சுகரு போன வருஷத்துக்குக் கொஞ்சம் தேவலை. ஆனா இந்த வருஷம் புதுசா ஒரு டெஸ்ட்டு சேத்தாங்கல்லா? அதுல உடம்புக்குள்ள அழற்சி இருக்குன்னு வந்திருக்கு.”

“அப்டின்னா? சீழு கீழு வச்சிக்கினு கீதா?”

“சீழு இல்லண்ணே. கையில சிராய் ஏறுனா என்ன செய்யும்? செவந்து, சூடாகி, வீங்குதுல்லா? உள்ள ஏதோ புகுந்துட்டுன்னு உடம்பு சண்ட போடுது. அந்த மாதிரி ஒரு சண்ட உங்க வயித்துக் கொழுப்புக்குள்ள பையப் பைய நடக்கு. பல்லுல, நெஞ்சுல எதும் கோளாறு இருந்தாலும் அந்த டெஸ்ட்டு கூடும். டாக்டர்தான் சொல்லணும். ஆனா எனக்கென்னமோ தொப்பை மேலதான் சந்தேகம்.”

டில்லிபாபு தன் தொப்பையைக் குனிந்து பார்த்தான். பனியனுக்குள் அது பாட்டுக்கு அமைதியாக இருந்தது.

“வலிக்கவே இல்லியே சிஸ்டர்?”

“வலிக்காது. அதுதான் பாடு. கொழுப்புச் செல்லு அளவுக்கு மீறி ஊதிப் போச்சுன்னா மூச்சு முட்டும். காயம்னு நெனச்சு உடம்பு ஆளு அனுப்பும். வந்த ஆளுக திரும்பிப் போகவே மாட்டானுவ. கூச்சல் போட்டுக்கிட்டே கெடப்பானுவ. அந்தக் கூச்சல்ல இன்சுலின் சொல்லுறது ஈரலுக்கும் கேக்காது, சதைக்கும் கேக்காது. சக்கரைய உள்ள எடுத்துக்கோன்னு அது பாவம் கத்திக்கிட்டே நிக்கும்.”

அவனுக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியும் குழப்பியது.

“எங்க ஷிஃப்ட்டு ஜெபகுமார் குச்சி மாதிரி கீறான். அவனுக்கும் சுகர். கேட்ல நிக்கிற செக்யூரிட்டி நூறு கிலோ, அவனுக்கு ஒண்ணும் இல்ல. இது இன்னா நியாயம்?”

“வெளிய தெரியாம ஈரல்லயும் குடல சுத்தியும் சிலருக்குக் கொழுப்பு படியும்ணே. சில பேரு பரம்பரை வேற. எல்லாத்துக்கும் எனக்குக் கணக்குத் தெரிஞ்சா நான் ஏன் மெடிக்கல் ரூம்ல பஞ்சு சுத்திக்கிட்டு இருக்கேன்?”

அவள் சிரித்தபோது குளியலறைக் கதவு திறந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு நிலா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கழுத்தோ அதைவிடச் சிவந்திருந்தது. கறுப்புப் பட்டையின் மேல் ஊசி முனை அளவில் ரத்தப் பொட்டுகள். பின்னால் வந்த மஞ்சுளாவின் கையில் பாத்திரம் தேய்க்கிற நார் சொட்டிக்கொண்டிருந்தது.

சந்திரலேகாவின் சிரிப்பு அப்படியே நின்றது. எழுந்து போய் நிலாவின் முகவாயை நிமிர்த்திக் கழுத்தைப் பார்த்தாள்.

“கக்கத்துலயும் இப்படிக் கறுத்திருக்காம்மா?”

நிலா தலையாட்டினாள்.

“மதினி, அத முதல்ல கீழ போடுங்க. இது அழுக்கு இல்ல.”

“அழுக்கு இல்லன்னா? பின்ன இன்னா சிஸ்டர் இது?”

“தேச்சாப் போகாது. ரத்தத்துல இன்சுலின் ரொம்பக் கூடிப் போச்சுன்னா, தோலு இப்படித் தடிச்சுக் கறுக்கும். குண்டாயிருக்கிற பிள்ளைகளுக்குக் கழுத்துல வரது முக்காவாசி அதுதான்.”

மஞ்சுளாவின் கையிலிருந்து நார் நழுவித் தரையில் விழுந்தது. ஒரு வருஷம்! எத்தனை ஞாயிற்றுக்கிழமை! எத்தனை முறை அந்தக் கழுத்தை இறுக்கிப் பிடித்துத் தேய்த்திருப்பாள்! குழந்தை எரிகிறது என்று கதறியபோதெல்லாம் சோம்பேறி, ஒழுங்காகக் குளிப்பதில்லை என்று திட்டியிருப்பாள்! அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

டில்லிபாபுவின் முகமோ மலர்ந்துவிட்டது.

“இன்சுலின் ஜாஸ்தியா கீதா? நெஜமாவா? யப்பா! எனக்குத்தான் இல்லாம ஊசி போட்டுக்கினு கீறேன். எம் பொண்ணுக்கு நெறையா கீது! அப்ப அவளுக்குச் சுகர் வரவே வராது, இல்ல சிஸ்டர்?”

சந்திரலேகா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். 

“இல்லண்ணே... நேர்மாறு.”

“நேர்மாறுன்னா?”

“இப்ப டெஸ்ட் எடுத்தா சுகரு நார்மலாக்கூட வரும். ஏன் நார்மலா வருது? இன்சுலின் சொன்னது ஈரலுக்கும் சதைக்கும் கேக்காததால உடம்பு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு அதச் சொரந்து தள்ளுது. அதான். உங்களுக்கும் பல வருஷத்துக்கு முன்னால அப்படித்தான் நெறைய சொரந்திருக்கும். சொரந்து சொரந்து கணையம் அலுத்துப் போச்சு. இப்ப வெளிய இருந்து ஊசி. பாப்பா இப்ப நிக்கிற எடத்துல நீங்க ஒரு காலத்துல நின்னிருப்பீய. யாரும் பாக்கல.”

டில்லிபாபு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் மனசு ஓடிப் போய்க் கம்பெனி ஸ்டோரில் நின்றது. ரேக் நிரம்பி வழிந்து, இடம் இல்லாமல் சரக்கு அடுக்கிய பேலட்டுகளை நடைபாதையிலேயே இறக்கிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முனையிலும் ஆரன் அடித்துத்தான் திரும்ப வேண்டும் என்பது விதி. ஆனால் எல்லா வண்டியும் எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பதால் ஒருவனும் ஒதுங்க மாட்டான். இன்னும் அழுத்தி, இன்னும் நீளமாக அடிக்க வேண்டும். அடித்து அடித்து ஒரு நாள் ஆரன் செத்துப்போகும். அவன் வண்டியில் ஆரன் செத்துப்போய்விட்டது. அவன் மகள் வண்டியில் ஆரன் விடாமல் அலறிக்கொண்டிருக்கிறது. அலறுவதைக் கேட்டு, வண்டி நல்ல கண்டிஷனில் இருக்கிறது என்று இவன் குதிக்கிறான்!

“சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? சிரிக்கக் கூடாது.”

“கேளுங்கண்ணே.”

“ரத்தம் குடுக்கறாங்க இல்ல, அந்த மாதிரி... அவகிட்ட ஜாஸ்தியா கீறத எடுத்து எனக்குப் போட முடியாதா? அவளுக்கும் கொறையும், எனக்கும் ஊசி மிச்சம்.”

சந்திரலேகாவுக்குச் சிரிப்பு வரத்தான் செய்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள்.

“அப்படியெல்லாம் முடியாதுண்ணே,” என்று மட்டும் சொன்னாள். பிறகு நிலாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். “மதினி, பிள்ளை ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுது? மறைக்காம சொல்லுங்க.”

மஞ்சுளா மூக்கை உறிஞ்சினாள். “காலைல இட்லி, இல்லன்னா தோசை. மதியம் ஸ்கூலுக்குச் சோறு கட்டிக் குடுக்கறேன். ராவுக்கும் சோறுதான். வூட்டுச் சாப்பாடு சிஸ்டர். கடைல எதுவும் வாங்கித் தர மாட்டேன்.”

சொல்லும்போது அவள் பார்வை ஒரு கணம் கணவன் மேல் போய்த் திரும்பியது. டில்லிபாபு தலையைக் குனிந்துகொண்டான்.

நிலாதான் முந்திக்கொண்டாள்.

“அப்பா எனக்கு ஒண்ணுமே தர்றதில்ல அக்கா.”

அப்பாவைப் பற்றி அங்கே யாரும் கேட்கவேயில்லை.

பத்துப் பெண் பிள்ளைகளைப் பெற்றவனுக்கும் அந்தப் பொய்யைக் கேட்டால் நெஞ்சு அறுந்துவிடும். டில்லிபாபுவுக்கு ஒன்றே ஒன்று. அவள் ஏன் பொய் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் அவனுக்கு. மாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் ஏறுவான். அவள் டியூஷன் முடிந்து ஆறரைக்கு வருவாள். காலை ஏழே காலுக்கு அவன் வந்து இறங்குவான். ஏழரைக்கு அவள் வேன் வந்துவிடும். பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களில் அப்பனும் மகளும் முகம் பார்ப்பது அந்தப் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. விடிகாலை நாலு மணி பிரேக்கில் கேன்டீனிலிருந்து ஆளுக்கொரு பாக்கெட் வரும்: ஒரு கிரீம் பன், ஒரு துண்டு கேக், ஒரு மாம்பழ ஜூஸ் டப்பா. டில்லிபாபுவுக்குச் சுகர், தொட மாட்டான். ஜெபகுமாருக்கும் சுகர். இன்னும் இரண்டு பேருக்கும் சுகர். பாக்கெட்டைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. அந்த நாலு பேரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இவனுக்குத்தான். “பாப்பாவுக்கு எடுத்துனு போ பாபு,” என்று ஒவ்வொருவனாக அவன் பையில் போடுவான். எத்தனை வருஷமாக! அவன் வீட்டுக்குள் நுழைவான், “இன்னிக்கு எத்தனைப்பா?” என்று அவள் ஓடி வருவாள். மடியில் உட்கார்ந்து பிரிப்பாள். முதல் கடியை அவன் வாயருகே கொண்டுபோய், “உனக்குத்தான் கூடாதே!” என்று பிடுங்கிக்கொள்வாள். இருவரும் சிரிப்பார்கள். மிச்சத்தை வேனில் தின்றுகொண்டே போவாள்.

நாலு சர்க்கரை வியாதிக்காரர்கள் பத்தியமாக ஒதுக்கியதையெல்லாம் ஒரு குழந்தை தின்றிருக்கிறது!

அவன் எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்து வந்து, சந்திரலேகாவின் முன்னால் நாலு பாக்கெட்டையும் ஒவ்வொன்றாக வைத்தான்.

“பொய் சொல்றா சிஸ்டர். டெய்லி நான்தான் தர்றேன். நாலு. ஞாயித்துக்கிழமையும் சேத்து.”

“நீ எதுக்குப்பா சொன்ன?” நிலா வீறிட்டாள். கழுத்து எரிந்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை. “அம்மாகூட சொல்லலல்ல? நீ எதுக்கு சொன்ன?”

“உடம்பு கெட்டுப் போவுது இல்லம்மா...”

“இனிமே நீ வந்தவுடனே படுத்துக்குவ! எனக்குத் தெரியும். வந்து, ஊசி போட்டுக்கினு, இட்லி தின்னுட்டு படுத்துக்குவ!”

மஞ்சுளா மகளைக் கட்டிக்கொள்ளப் போனாள். நிலா கழுத்தைச் சுருக்கிக்கொண்டு விலகினாள். அம்மாவின் கைக்குப் பயம். அதைப் பார்த்த தாயின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

“பன்னு மட்டும் காரணம்னு நான் சொல்லலண்ணே,” என்றாள் சந்திரலேகா மெதுவாக. “அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூட. ஓடி ஆடாம உக்காந்தே இருக்கறது ஒண்ணு. தூக்கம் பத்தாதது ஒண்ணு. சோத்தளவும் ஒண்ணு. எல்லாம் சேந்துதான்.”

“அப்ப எதைத்தான் நிறுத்தறது? பன்ன நிறுத்துனா செரியாப் போயிடுமா?”

“குறையும்னு சொல்லலாம். இந்த வயசுல எடை ஏறாம பாத்துக்கிட்டாலே போதும், அந்த உள்சண்டை அடங்கும், கழுத்தும் வெளுத்துரும்னு டாக்டருக சொல்லுதாங்க. நானே ரெண்டு பிள்ளைகளுக்குப் பாத்திருக்கேன். இன்னொரு பிள்ளைக்கு வெளுக்கல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. வர புதங்கெழம செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் பட்டினி போட்டுறாதீய. நார தொடாதீய மதினி. கொஞ்சம் தேங்காண்ணெய் மட்டும் தடவுங்க.”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டில்லிபாபு பாக்கெட்டுகளைப் பார்த்தான். எடுத்துப் பையில் போடுவதா, குப்பையில் போடுவதா, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கழுத்து இருக்கிறதே! எந்தப் பக்கம் நீட்டினாலும் தப்பாகப் பட்டது.

“நாளைக்கு இன்னாப்பா எடுத்துனு வருவ?” என்று கேட்டாள் நிலா. அழுகை ஓய்ந்து விக்கல் மட்டும் மிச்சமிருந்தது.

அவன் யோசித்தான். பழம் என்று சொல்ல வாயெடுத்தான். அதுவும் இனிப்பாயிற்றே என்று சந்திரலேகாவைப் பார்த்தான். அவள் பழம் தரலாம், ஜூஸ்தான் கூடாது என்றாள். ஆனால் கேன்டீனில் பழம் தருவதில்லை. நாலு மணி பிரேக்கில் நாலு பேர் நீட்டும் கையை எப்படி மடக்குவது? பாப்பாவுக்கு வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே. கேட்டால், உங்கள் அன்பும் என் அன்பும் சேர்ந்துதான் இப்படி ஆக்கிவிட்டது என்று சொல்லவா முடியும்?

“தெர்லம்மா,” என்றான். “ஒண்ணும் இல்லாமத்தான் வருவேன் போல.”

“வெறுங்கையோடயா?”

“வெறுங்கையோடத்தான். வேன் வூட்டாண்ட வராம, மெயின் ரோட்டாண்டயே நிக்கச் சொல்லலாமா? நான் கொண்டாந்து வுடறேன். நடந்தே.”

“ஷூவோட தூங்கிடுவ நீ.”

“தூங்குனா தண்ணி ஊத்து.”

நிலா சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை. ஆனாலும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதில் எங்காவது பொய் இருக்கிறதா என்று தேடுகிறவள் போல. இருக்கிறதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. பன்னிரண்டு மணி நேரம் விழித்த உடம்பு அது. நாளைக்கு நடக்கும். நாளை மறுநாள்? மழை நாளில்? ஆனால் இன்று அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“வாரேன்ணே. வாரேன் மதினி,” என்று சந்திரலேகா வாசலில் செருப்பை மாட்டினாள். மஞ்சுளா நன்றி சொல்ல வந்தவள், “ஒரு வருசமா தேச்சிட்டேனே சிஸ்டர்,” என்று அதையே மறுபடியும் சொன்னாள். சந்திரலேகா அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். தெரு முனையில் திரும்பிப் பார்த்தாள். அவளைக் கும்பிடுவதா, கையசைப்பதா என்று தெரியாமல் டில்லிபாபு இரண்டு கையையும் பாதியில் தூக்கியபடி நின்றான்.

நிலா வந்து அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவன் வந்ததும், அவளே கதவைச் சாத்தினாள்.